ஒரு ரிசீவ் போதாது: நெட்வொர்க் லேப் சப்ளி அனுபவம்

நேற்று சாயங்காலம் ரிசல்ட் வந்தது. நெட்வொர்க் லேப், இரண்டாம் முறை, பாஸ். கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் போனைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். பத்தாவது வரை தமிழ்வழியில் படித்துவிட்டு இன்ஜினியரிங் சேர்ந்திருக்கும் நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், மலையாளமும் இங்கிலீஷும் கலந்து கேள்வி வரும்போது தெரிந்த பதிலும் தொண்டையில் நிற்கும், அது உண்மைதான். ஆனால் முதல் முறை நான் தோற்றதற்கு மொழி காரணமில்லை. ஒரே ஒரு வரி.

எனக்கு வந்த சீட்டு: லேப் சர்வரில் இருக்கும் ஒரு பக்கத்தை, சி மொழியில் சாக்கெட் (நெட்வொர்க் வழியாகப் பேசும் இணைப்பு) எழுதி, பக்கத்தைக் கேட்கும் கெட் ரிக்வெஸ்ட் அனுப்பி வாங்கி ஃபைலில் சேமிக்க வேண்டும். வீட்டில் இருபது தடவை செய்து பார்த்த புரோகிராம். கம்பைல் ஆனது, ஓடியது, பக்கம் மட்டும் பாதியில் அறுந்து நின்றது. வந்ததை வாங்கி வைக்கும் என் பஃபர் 8192 பைட். பக்கமோ மூவாயிரத்துச் சொச்சம்தான். டேட்டாவை வாங்கும் ரிசீவ் ஃபங்ஷன், எத்தனை பைட் வந்தது என்று திருப்பித் தந்த எண்ணை பிரின்ட் செய்து பார்த்தேன். 1448. மறுபடி ஓட்டினேன். அதே 1448. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், எக்ஸ்டெர்னல் மேடம், பின்னால் வந்து நின்று "மீதி எங்கே?" என்று கேட்டார். "சர்வர் இவ்வளவுதான் அனுப்பியது மேடம்" என்றேன். அந்தப் பதிலுக்குத்தான் ஆறு மாதம் கொடுத்தேன்.

வீட்டில் ஏன் தெரியவில்லை என்றால், அங்கே சர்வரும் கிளையன்டும் ஒரே லேப்டாப்பில், 127.0.0.1-ல் ஓடின. லினக்ஸில் அந்த உள்வழிக்கு எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச பைட், 65536. சின்னப் பக்கம் ஒரே மூச்சில் வந்துவிடும். லேபில் ஈதர்நெட், எம்டியூ 1500. அதில் தலைப்புத் தகவலாக ஐபி ஹெடருக்கு 20, டிசிபி ஹெடருக்கு 20, டைம்ஸ்டாம்ப் ஆப்ஷனுக்கு 12 போனால் மிச்சம் 1448. முதல் பாக்கெட் வந்ததும் ரிசீவ் அதை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டது. மீதி பின்னாலேயே வந்துகொண்டிருந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. இந்தக் கணக்கைப் பரீட்சை முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் போட்டேன்.

அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு சாக்கெட் புரியவில்லை, தண்ணீர் புரிந்தது. எங்கள் வயலுக்கு வருவது ஆழியாற்றுத் தண்ணீர். "மொத மடைத் தண்ணியப் பாத்துட்டு வூட்டுக்கு வந்துட்டியா கண்ணு?" என்றார். அதேதான். டேட்டாவைக் கொண்டுவரும் டிசிபி ஒரு வாய்க்கால். சர்வர் ஒரே சென்டில் விட்டாலும் நமக்கு எத்தனை தவணையாக வரும் என்று யாரும் உறுதி தரவில்லை. சரி, எப்போது முடிந்தது என்று எப்படித் தெரியும்? பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் நமக்கு வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. அளவு எழுதி வைத்திருப்பதால்தான் வந்ததா வரவில்லையா என்று கேட்க முடிகிறது. சர்வர் தரும் பதிலின் ஹெடரில் இருக்கும் கன்டென்ட்-லெங்த் அந்த அளவுதான். அல்லது மடை அடைபடும் வரை நிற்க வேண்டும், அதாவது ரிசீவ் 0 தரும் வரை.

அதனால் ரிசீவை எப்போதும் லூப்பில் எழுதுங்கள். 0-க்கு மேல் வந்தால் அத்தனை பைட்டை மட்டும் சேமி, 0 என்றால் எதிர்முனை மூடிவிட்டது, -1 என்றால் பிழை. வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைக் கை தானாக எழுதும் வரை எழுதிப் பாருங்கள். நான் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் தினமும் காலையில் ஒரு தடவை எழுதினேன்.

மற்றவை, நினைவுக்கு வந்த வரிசையில்:

- ரிக்வெஸ்ட் கடைசியில் வெற்று வரி. பேக்ஸ்லாஷ் ஆர் பேக்ஸ்லாஷ் என், இரண்டு முறை. ஒன்று குறைந்தால் சர்வர் மேலும் ஹெடர் வரும் என்று காத்திருக்கும், நீங்கள் பதிலுக்குக் காத்திருப்பீர்கள், கர்சர் மட்டும் மினுக்கும்.
- ரிக்வெஸ்ட்டில் எச்டிடிபி வெர்ஷன் 1.1 போட்டால் சர்வர் பெயரைச் சொல்லும் ஹோஸ்ட் ஹெடர் கட்டாயம், இல்லாவிட்டால் 400 என்ற பிழை வரும். பரீட்சையில் நான் 1.0 போட்டு ஹோஸ்ட்டையும் சேர்த்தேன். 1.0-ல் பதில் முடிந்ததும் சர்வர் மூடிவிடும், பதிலைத் துண்டு துண்டாக அனுப்பும் சங்க்டு தொல்லையும் இல்லை.
- போர்ட் எண்ணை நெட்வொர்க் பைட் வரிசைக்கு மாற்றும் எச்டான்ஸ் மறந்தால் போர்ட் 80 என்பது 20480 ஆகிவிடும், 8080 என்பது 36895. கனெக்ட் தோற்றால் முதலில் இதைப் பாருங்கள்.
- சென்டுக்கு அளவு ஸ்டிரிங்-லெங்த். சைஸ்ஆஃப் போட்டால் பஃபரின் குப்பையும் சேர்ந்து போகும்.
- சர்வர் எழுதச் சொன்னால் போர்ட்டைப் பிடிக்கும் பைண்டுக்கு முன்னால் ரீயூஸ்-அட்ரஸ் ஆப்ஷன். இல்லாவிட்டால் நிறுத்தி மறுபடி ஓட்டும்போது "அட்ரஸ் ஏற்கெனவே பயன்பாட்டில்" என்று வரும். மூடிய இணைப்பு காத்திருக்கும் டைம்-வெயிட் முடிய லினக்ஸில் 60 வினாடி ஆகும். பரீட்சை ஹாலில் 60 வினாடி மிக நீளம்.
- சர்வர் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் கெட்ஹோஸ்ட்பைநேம் பழையது. கெட்அட்ரின்ஃபோ பழகுங்கள்.

கன்டென்ட்-லெங்த் உடலுக்கு மட்டும்தான், ஹெடரை எண்ணாது. பதிலில் ஹெடரையும் உடலையும் பிரிக்கும் வெற்று வரியே இரண்டு ரிசீவுக்கு நடுவில் பிளந்து வரலாம் என்பதால், சேர்த்து வைத்த பஃபரில்தான் தேட வேண்டும். அந்தந்தத் துண்டில் தேடாதீர்கள். அப்புறம், ஒரே கம்ப்யூட்டரில் சோதித்துவிட்டு ஓடுகிறது என்று நம்பாதீர்கள். நான் பக்கத்து வீட்டு அண்ணாவின் பழைய லேப்டாப்பைக் கடன் வாங்கி, இரண்டையும் கேபிளால் இணைத்துத்தான் இரண்டாம் முறை பழகினேன்.

சப்ளியில் வேறு சீட்டு, வேறு எக்ஸ்டெர்னல். இந்த முறை வாங்க வேண்டியது ஒரு படம். படத்துக்குள் பூஜ்ய பைட் இருக்கும், ஸ்டிரிங் ஃபங்ஷன் அதையே முடிவு என்று எடுத்துக்கொள்ளும், அதனால் அவை எதையும் தொடாமல் ஃபைலில் எழுதும் எஃப்ரைட்டில், ரிசீவ் தந்த எண்ணிக்கையை மட்டும் எழுதினேன். ஒவ்வொரு சுற்றிலும் வந்த எண்ணைத் திரையில் விட்டிருந்தேன். 1448, 2896, 1448 என்று ஓடிக் கடைசியில் 0. சார் குனிந்து பார்த்து, ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி என்றார். மலையாளத்தில் தொடங்கி இங்கிலீஷில் தடுமாறி, நோட்டில் 1500-லிருந்து கழித்துக் காட்டினேன். 2896 என்பது இரண்டு 1448 சேர்ந்து வந்தது என்றும் எழுதினேன். அவர் ஃபைல் அளவைக் கன்டென்ட்-லெங்த்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, படத்தைத் திறந்தார். கீழ் ஓரம் வரை முழுசாக இருந்தது.