ஜம்ப் தி கன்

நம்ம கொழிஞ்சாம்பாறை பக்கம் ஓட்டப்பந்தயம்னா விசிலுக்கு முன்னாடியே ரெண்டு பசங்க பாஞ்சுருவானுங்க, அதேதாங்க இங்கிலீஷ்ல 'ஜம்ப் தி கன்', துப்பாக்கிய தாண்டறதுன்னு நெனச்சுக்காதீங்க, ஸ்டார்ட்டர் பிஸ்டல் வெடிக்கறதுக்குள்ள ஓடிடறது. தடகளத்துல பொறந்த பேச்சு, அப்புறம் அவசரப்பட்டு முந்திக்கற எல்லாத்துக்கும் ஆயிருச்சு.

இப்ப சத்தம் கேட்டு 0.1 செகண்டுக்குள்ள கெளம்புனாலும் ஃபவுல்தான், மனுசன் அவ்ளோ சீக்கிரம் ரியாக்ட் பண்ண முடியாதுன்னு கணக்கு. 2010ல இருந்து ஒரே தடவை முந்துனாலும் ஸ்ட்ரெய்ட்டா வெளியதான். (எனக்கு இது கொஞ்சம் ஓவராத்தான் தெரியுது.) 2011ல தென்கொரியா டேகுல உலக சாம்பியன்ஷிப் 100 மீட்டர் ஃபைனல்ல உசைன் போல்ட்டையே தூக்கிட்டாங்க, மனுசன் சட்டைய கழட்டிட்டு போனாரு, தங்கம் அவரோட சேந்து ட்ரெய்னிங் பண்ணிட்டிருந்த யோகன் பிளேக்குக்கு போயிருச்சு.