79-ம் நம்பர் சட்டைக்காரர்

ஹோசே அப்ரேயு பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன், இன்னிக்கு எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன். பேஸ்பால்ல பந்தை வெளிய தூக்கி அடிக்கிறவங்க எத்தனையோ பேரு, ஆனா என் மனசுல ஒட்டிக்கிட்டவரு இந்த கியூபாக்காரர்தான்.

பொறந்தது 1987-ல, கியூபாவோட சியன்ஃபுவேகோஸ் பக்கம். அந்த ஊர் டீமுக்கே ஆடினாரு. 2010-11 சீசன்ல 66 மேட்ச்ல 33 ஹோம் ரன் (பந்தை மைதானத்துக்கு வெளிய தூக்கி அடிக்கிறது), அதாவது ரெண்டு மேட்சுக்கு ஒண்ணு! பேட்டிங் ஆவரேஜ், அதாவது அடிக்கப் போன தடவைகள்ல எத்தனை பங்கு சரியா அடிச்சாருங்கிற கணக்கு, .453. பேஸ்பால்ல .300 தாண்டினாலே பெரிய ஆளுன்னு சொல்லுவாங்க, அப்ப இது என்னன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஆனா கியூபாவுல இருந்துக்கிட்டே அமெரிக்க டீம்ல சேர முடியாது, அமெரிக்கா போட்ட தடை அப்படி, நாட்டை விட்டுக் கிளம்பி வேற ஏதாவது நாட்டுல குடியிருப்பு வாங்கினாத்தான் காண்ட்ராக்டே போட முடியும். அதனால 2013 ஆகஸ்ட்ல குடும்பத்தோட போட்ல ஏறி ஹைட்டிக்குப் போனாரு. ரெண்டு வயசுப் பையன் மட்டும் கியூபாவுலயே அவனோட அம்மாகிட்ட.

அக்டோபர்ல சிகாகோ வைட் சாக்ஸ்ங்கிற அமெரிக்க டீம் 6 வருஷத்துக்கு 68 மில்லியன் டாலர் பேசி முடிச்சுட்டாங்க, ஆனா குறிச்ச நாளுக்குள்ள அமெரிக்கா போய்ச் சேரணும். கையில இருந்ததோ போலி பாஸ்போர்ட். ஹைட்டியில இருந்து மயாமி போற ஃபிளைட்ல ஒரு ஹைனக்கன் பீர் வாங்கி, பொய்ப் பேரு இருந்த அந்தப் பக்கத்தைக் கிழிச்சு கொஞ்சம் கொஞ்சமா வாயில போட்டு பீரோட முழுங்கிட்டாரு. இது கதை இல்லங்க, ஆட்டக்காரங்களைக் கடத்தின கேஸ்ல 2017-ல மயாமி கோர்ட்ல அவரே சாட்சிக் கூண்டுல சொன்னது. அந்த ஃபிளைட் சீட்டுல உக்காந்து பேப்பரை மென்ன மனுஷனை நெனச்சா இப்பவும் எனக்குத் தொண்டை அடைக்குது.

சிகாகோவுல சட்டை நம்பர் 79. பேஸ்பால்ல அப்படி ஒரு நம்பரை யாரும் அவ்வளவா போட மாட்டாங்க, அம்மாதான் இதைப் போடு, ஜனங்களுக்கு மறக்காதுன்னு சொல்லியிருக்காங்க. மறக்குமா? 2014-ல வந்த ஏப்ரல் மாசத்துலயே 10 ஹோம் ரன், சீசன் முடியறப்ப 36, சிறந்த புதுமுகம் விருது ஒருத்தர் ஓட்டு கூட மாறாம அவருக்கே. முதல் நாலு சீசனும் 25 ஹோம் ரனுக்கும் 100 ஆர்பிஐக்கும் (தன் அடியால டீமுக்கு வந்த ரன்) குறையவே இல்ல, அவருக்கு முன்னாடி பேஸ்பால் ஜாம்பவான்கள் டிமாஜியோவும் புஹோல்ஸும்தான் இப்படி ஆரம்பிச்சவங்க.

பையனைத் திரும்பப் பாத்தது 2015 டிசம்பர்ல. அமெரிக்காவோட பெரிய பேஸ்பால் லீக் ஆளுங்க கியூபாவுக்கு நல்லெண்ணப் பயணம் போனப்ப அந்தக் குழுவுல இவரும் போனாரு, ஓடி வந்த பையனுக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல அப்பா முகமே இல்ல.

2020 கொரோனா வருஷம், மொத்தமே 60 மேட்ச், காலி ஸ்டாண்டு. ஆகஸ்ட்ல சிகாகோவோட இன்னொரு டீமான கப்ஸை அவங்க மைதானத்துலயே வச்சு மூணு மேட்ச்ல ஆறு ஹோம் ரன் அடிச்சாரு, அதுல நாலு அடுத்தடுத்து பேட்டிங் வந்த நாலு தடவையும்! கூட்டம் இல்லாததால பேட்ல பந்து படற சத்தம் டிவியில தனியா கேக்கும், டொக்குனு. அமெரிக்கன் லீக்ல (பெரிய லீக்கோட ரெண்டு பிரிவுல ஒண்ணு) அந்த வருஷ எம்விபி, அதாவது மிகச் சிறந்த ஆட்டக்காரர், அவர்தான்.

அப்புறம் 2023 சீசனுக்கு ஹூஸ்டன் டீமுக்குப் போனாரு, 3 வருஷம், 58.5 மில்லியன் டாலர். முதல் ஹோம் ரன் வரவே 51 மேட்ச் ஆச்சு. ஆனா அந்த அக்டோபர்ல நடந்த நாக்-அவுட் சுற்றுல, மினசோட்டாவுல முதல் இன்னிங்ஸ்லயே அந்த ஊர் டீம் பந்துவீச்சாளர் சன்னி கிரே போட்ட பந்தைத் தூக்கி மூணு ரன் அடிச்சாரே, அது போதும் எனக்கு.

2024-ல பேட் சுத்தமா ஓடல. அவ்வளவு சீனியரை அவர் சம்மதம் இல்லாம மைனர் லீக்குக்கு (கீழ் மட்டப் போட்டிகள்) அனுப்ப முடியாது, முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், ஆனா 37 வயசுல சரின்னு சொல்லி ஃப்ளோரிடா போய் சின்னப் பசங்க நடுவுல நின்னு பயிற்சி பண்ணாரு. திரும்பி வந்து ரெண்டு ஹோம் ரன் அடிச்சாரு, ஜூன்ல டீம் விட்டுருச்சு. கடைசி நாள் வரைக்கும் முதுகுல அதே 79.