சிங்கக்குட்டிக்குப் பால் குடுக்க டிக்கெட் போட முதல் இத வாசிங்க

எங்கட மாமியின்ட மகள் போன கிழமை வட்ஸ்அப்ல ஒரு விளம்பரம் அனுப்பி "அக்கா, இதுக்கு அப்ளை பண்ணவா?" எண்டு கேட்டா. தென்னாப்பிரிக்காவில ஒரு இடம், சின்னச் சிங்கக்குட்டிய மடியில வச்சு போத்தல்ல பால் குடுக்கலாம், வொலன்டியரா வாறதுக்கு இவ்வளவு டொலர் எண்டு போட்டிருந்துது. நான் உடன கோல் எடுத்து வேண்டாம் எண்டு சொன்னன். ஏன் எண்டத இங்கயும் எழுதோணும் எண்டு நினைச்சன், வெள்ளவத்தை பம்பலப்பிட்டிப் பக்கம் ஏ.எல் முடிச்ச பிள்ளைகள் கனபேர் இப்ப இப்பிடிப் போக ஆசைப்படுறாங்க, ஆசை நல்ல ஆசை, போற இடம் பிழைச்சிடக்கூடாது.

அந்தக் குட்டிக்கு ஏன் போத்தல்ல பால் குடுக்க வேண்டியிருக்கு எண்டு முதல் யோசிங்க. தாய் செத்துட்டுது, தாய் கைவிட்டுட்டுது எண்டு வொலன்டியர்மாருக்குச் சொல்லுவாங்க. இப்பிடியான கனக்க இடங்களில பிறந்து கொஞ்ச நாளிலயே குட்டிய தாயிட்ட இருந்து பிரிச்சு எடுக்கிறாங்க, அப்பத்தான் தாய் கெதியா அடுத்த ஈத்துக்கு வரும், படம் எடுக்க வாற ஆக்களுக்கு எப்பவும் குட்டி இருக்கும். வளர்ந்தாப் பிறகு மனுசரோட பழகின சிங்கத்த காட்டில விடவும் ஏலாது. அதுகளில கனக்க வேலி போட்ட இடத்தில காசு கட்டி வேட்டையாட வாறவனுக்குப் போகும், எலும்பு ஆசியாவுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்துது. 2017ல தென்னாப்பிரிக்க அரசாங்கமே வருசத்துக்கு 800 எலும்புக்கூடு ஏற்றுமதி செய்ய அனுமதி குடுத்துது. 2021ல அரசாங்கம் போட்ட நிபுணர் குழுவே இந்தத் தொழில நிப்பாட்டோணும் எண்டு சொல்லிட்டுது. அன்பில போற பிள்ளையின்ட காசு இதுக்குள்ள போய்ச் சேருது எண்டதத்தான் என்னால தாங்க ஏலாம இருக்கு.

நான் வொலன்டியராப் போனது சாம்பியாவில சிம்ஃபுன்ஷி எண்ட சிம்பன்சி சரணாலயத்துக்கு. கொழும்புல இருந்து டுபாய் போய் மாறி லுசாக்கா, அங்க இருந்து பஸ்ஸில வடக்கால செப்புச் சுரங்க ஊர்களுக்குள்ளால சிங்கோலா, பிறகு கஃபுவே ஆத்துப் பக்கமா மண் ரோட்டு. 1983ல டேவிட் சிடில், ஷீலா சிடில் எண்ட புருசன் பெண்சாதியின்ட மாட்டுப் பண்ணைக்கு காயப்பட்ட ஒரு சிம்பன்சிக் குட்டிய வனத்துறை ஆள் ஒருத்தர் கொண்டு வந்து குடுத்தார், அந்தக் குட்டிக்குப் பெயர் பால் (Pal). அவங்க அதக் காப்பாத்தினாங்க, அதோட ஒண்டு ஒண்டா வரத் தொடங்கி இப்ப நூறுக்கு மேல. சாம்பியாக் காட்டில சிம்பன்சியே இல்ல, இதுகள் கொங்கோ எல்லையால கடத்தி வரேக்க பிடிபட்டது, சர்க்கஸில, ஆக்களின்ட வீட்டில கட்டி வச்சிருந்தது. ஒரு குட்டிய உயிரோட பிடிக்கிறதெண்டா தாயச் சுடோணும், காப்பாத்த வாற மற்றதுகளையும் சுடோணும், அத நினைச்சுக்கொண்டு அதுகளின்ட முகத்தப் பார்க்க சரியான கஷ்டம்.

வேலை எண்டா விடிய எழும்பி மரக்கறி பழம் வெட்டுறது, கூடு கழுவுறது, மின்சார வேலி வழிய நடந்து மரக்கொப்பு விழுந்து கிடக்கா எண்டு பார்க்கிறது. என்ஷிமா எண்டு அங்கத்த ஆக்கள் சாப்பிடுற சோளமாக் களி, எங்கட குரக்கன் களி மாதிரி, அத உருண்டையாப் பிடிச்சு சிம்பன்சிகளுக்கும் குடுப்பாங்க. ஒரு கிழட்டுப் பொம்பிளைச் சிம்பன்சி ரெண்டு கையிலயும் உருண்டை, ஒரு காலில ஒண்டு, வாயில ஒண்டு எண்டு எடுத்துக்கொண்டு மற்றதுகள விட்டுத் தள்ளிப் போய் முதுகத் திருப்பிக்கொண்டு இருந்து ஆறுதலாச் சாப்பிடும். ஒரு விரல் பாதியில இல்ல, கண்ணியில போயிருக்கும் எண்டு கீப்பர் அண்ணா சொன்னார். நான் அதத் தொடேல்ல. ஒரு நாளும் ஒண்டையும் தொடேல்ல.

எங்களுக்கு வாற சாதாரண தடிமன் அதுகளச் சாகடிக்கவும் கூடும், அது ஒரு காரணம். பெலமும் மனுசன விடக் கூட. ஆனா எனக்கு விளங்கின பெரிய காரணம், அதுகளுக்கு வேண்டியது நாங்க இல்ல, மற்ற சிம்பன்சிகள் தான். அங்க அடைப்புகளே 25 ஹெக்டேர் தொடக்கம் 77 ஹெக்டேர் வரைக்கும், உள்ளுக்கு காடு. அங்க ஜூலி எண்டு ஒரு சிம்பன்சி இருந்துது, சும்மா ஒரு புல்ல எடுத்து காதுக்குள்ள செருகிக்கொண்டு திரியுமாம், ஒரு பிரியோசனமும் இல்ல, ஆனா அந்தக் கூட்டத்தில 12ல 8 பேர் அதப் பார்த்துச் செய்யத் தொடங்கிட்டாங்க, ஜூலி செத்தாப் பிறகும் சிலது விடேல்ல. 2014ல ஆராய்ச்சியாளர்கள் இத எழுதி வெளியிட்டாங்க. அடிச்சு, கட்டி, தனிய வளர்ந்ததுகள் ஒரு கூட்டமாகி தங்களுக்கெண்டு ஒரு பழக்கத்த உண்டாக்கியிருக்கு, எனக்கு இத விடப் பெரிய விசயம் ஒண்டும் தெரியேல்ல.

இது விளங்க ஆப்பிரிக்கா போகோணும் எண்டும் இல்ல. உடவளவையில யானைக்குட்டிகளுக்கான இடம் 1995ல இருந்து நடக்குது. நாங்க மேடையில தள்ளி நிண்டு பால் குடிக்கிறதப் பார்க்கலாம், கிட்டப் போக விடமாட்டாங்க. வளர்ந்தாப் பிறகு கூட்டமாக் காட்டில விடுறாங்க, இதுவரை நூறுக்கு மேல விட்டாச்சு. தொட விடாததால தான் விட ஏலுமா இருக்கு.

அதால ஒரு இடத்துக்குக் காசு கட்ட முதல் ஈமெயில் போட்டுக் கேளுங்க, குட்டிகள் எங்க இருந்து வந்தது, தாய்க்கு என்ன நடந்தது, வளர்ந்தாப் பிறகு எங்க போகும், உங்கட இடத்தில வேணுமெண்டு குட்டி போட விடுறீங்களா எண்டு. நேர்மையான இடம் நேராச் சொல்லும். குரங்கினங்கள் எண்டா பான் ஆஃப்ரிகன் சாங்சுவரி அலையன்ஸ் எண்டு 2000ல தொடங்கின சரணாலயங்களின்ட கூட்டமைப்பு இருக்கு, அதின்ட மெம்பர் லிஸ்ட்டப் பாருங்க. வொலன்டியர் ஃபீஸ் ஏன் எண்டும் கனபேர் கேக்கிறாங்க, சாப்பாட்டுக்கும் கீப்பர்மாரின்ட சம்பளத்துக்கும் போகுதெண்டா அது நியாயமான காசு, வருசக்கணக்கா நிண்டு பார்க்கிறது அவங்க தானே.

சிம்ஃபுன்ஷிக்குப் போறதெண்டா மழை இல்லாத மே தொடக்கம் ஒக்டோபருக்குள்ள போங்க. ஜூன் ஜூலையில இரவு நல்லாக் குளிரும், ஆப்பிரிக்கா தானே எண்டு நினைச்சு ஸ்வெட்டர விட்டுட்டுப் போகாதீங்க.