கொள்ளு, கம்பு, ஒரு பருப்பு மத்து

"என்னதான் சொல்லுங்க, மண்சட்டியில வெச்சு வெறகடுப்புல வேக வெச்சாத்தான் அந்த ருசி வரும்" என்று கொங்குப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரோட்டோரக் கடைக்காரர்களும் இந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு, குட்டிச் சட்டியில் கொள்ளு ரசத்தை ஊற்றி விலையை ஏற்றி விற்கிறார்கள். சட்டிக்கும் ஒரு பங்கு உண்டுதான், அது எங்கே என்று பின்னால் சொல்கிறேன். ஆனால் சந்தையில் சட்டி வாங்கிப் பழக்கி எடுத்து, விறகு தேடிப்பிடித்து வேக வைத்த பிறகும் கொள்ளு நறுக் நறுக்கென்று பல்லில் மாட்டினால், அடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. முதலில் தண்ணீரைப் பாருங்கள்.

நம் ஊரில் நல்ல தண்ணி, சப்பைத் தண்ணி என்று இரண்டு வகை. ஆழ்குழாயில் வருகிற சப்பைத் தண்ணியில் சுண்ணாம்பு அதிகம். அது பயறின் திசுக்களைப் பிடித்துவைக்கும் பசைப்பொருளோடு சேர்ந்து இறுகிக்கொள்ளும். எத்தனை விசில் விட்டாலும் பயறு இளகாது. பவானி, சிறுவாணி, அமராவதி என்று எந்த ஆற்றுத் தண்ணி குழாயில் வந்தாலும் அதில் ஒரு குடத்தைப் பயறு வேக வைக்க ஒதுக்கிவிட வேண்டும். கழுவுவதற்குச் சப்பைத் தண்ணி போதும். ஊறவும் வேகவும் நல்ல தண்ணிதான். இரண்டாவது காரணம் பழைய கொள்ளு. ஒன்றிரண்டு வருசம் மூட்டையில் கிடந்தது நல்ல தண்ணியிலும் முரண்டு பிடிக்கும். மூன்றாவது, புளியோ தக்காளியோ முன்கூட்டியே போடுவது. புளிப்புப் பட்டால் வேக்காடு நின்றுவிடும். வெந்த பிறகுதான் புளிப்பு.

ஒரு டம்ளர் கொள்ளு எடுத்துக்கொள்ளுங்கள், இருநூறு கிராம் இருக்கும். கொள்ளும் சரளைக்கல்லும் ஒரே நிறம், ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் முறத்தில் புடைத்தால் மட்டும் போதாது. தண்ணீர் ஊற்றி, ஒரு போசியிலிருந்து இன்னொரு போசிக்கு அரித்து அரித்து மாற்றினால் கல் அடியில் தங்கும். இரண்டு முறை அரித்துத் தண்ணீரை வடித்துவிட்டு, இரும்புச்சட்டியில் மிதமான தீயில் ஈரம் வற்றி வாசம் கிளம்பும் வரை வறுக்க வேண்டும். ஒன்றிரண்டு படபடவென்று வெடித்தால் இறக்கிவிடலாம். அதற்கு மேல் போனால் கசக்கும், அந்தக் கசப்பை வெல்லம் போட்டும் மறைக்க முடியாது.

வறுத்ததை ஐந்து டம்ளர் தண்ணீரில் போட்டு, குக்கரில் எட்டு விசில் விட்டு, தீயைக் குறைத்து இன்னும் பத்து நிமிசம். இரண்டு விரலில் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் பொட்டு இல்லாமல் மசிய வேண்டும். ராத்திரி ஊறவைத்தால் சீக்கிரம் வேகும் என்பது உண்மை, ஆனால் ஊறியதில் வறுத்த வாசம் வராது. அவசரமா வாசமா என்று அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். கொள்ளுப்பருப்புக்கு வறுப்பதே என் கட்சி.

வெந்த தண்ணியை வடித்துத் தனியே வைத்துவிடுங்கள். அது கொள்ளு ரசத்துக்கு. ஒரு ஸ்பூன் எண்ணெயில் பத்துச் சின்ன வெங்காயம், நாலு வரமிளகாய், ஐந்து பல் பூண்டு, ஒரு ஸ்பூன் மல்லி, அரை ஸ்பூன் சீரகம், ஒரு இணுக்குக் கறிவேப்பிலை வதக்கி, ஆட்டாங்கல்லில் முதலில் இந்தச் செலவை அரைத்துவிட்டு அப்புறம் கொள்ளைப் போட்டு உப்போடு ஒன்றிரண்டாக ஆட்ட வேண்டும். (வெளியூர்க்காரர்களுக்கு: இங்கே செலவு என்றால் காசு மட்டுமில்லை, மசாலைச் சாமானும்தான்.) மிக்ஸி என்றால் சின்ன ஜாரில் விட்டு விட்டு நாலு சுற்று, அவ்வளவுதான். நிறுத்தாமல் ஓட்டினால் பசை மாதிரி ஆகிச் சோற்றோடு பிசையவே வராது. சுடுசோறு, மேலே நல்லெண்ணெய் அல்லது நெய்.

பாசிப்பயறு, தட்டைப்பயறு, கீரை மூன்றுக்கும் ஆட்டாங்கல் வேண்டியதில்லை, மத்துதான். மத்து பாதியை மசித்துப் பாதியை முழுசாக விட்டுவைக்கும். அந்தப் பாதிக்குப் பாதிதான் கடைந்த பயறின் சுவை. இங்கே எல்லோரும் செய்கிற தப்பு, வெந்த தண்ணியோடு சேர்த்துக் கடைவது. தண்ணீர் நிறைய இருந்தால் பயறு மத்துக்குப் பிடிபடாமல் சுற்றிச் சுற்றி ஓடும். தண்ணியை வடித்து, பயறும் வெங்காயமும் மிளகாயும் மட்டும் சட்டியில் நிற்கக் கடைந்துவிட்டு, பதம் பார்த்து வடித்த தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும்.

மண்சட்டி தன் வேலையைக் காட்டுவது இந்த இடத்தில்தான். கீரை கடைகிற சட்டியின் உட்புறம் வரி வரியாகச் சொரசொரப்பாக இருக்கும். மத்துக்கும் அந்த வரிக்கும் நடுவே மாட்டுகிற இலை நசுங்கும், எவர்சில்வர் போசியில் வழுக்கும். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சுக்குட்டிக்கீரை எல்லாமே மழைக்குப் பின்னால் காட்டில் தானாக முளைப்பவை, களை என்று பிடுங்கியதுதான் குழம்பாகும். பண்ணைக்கீரையைப் பூ விடுவதற்கு முன்னால் கிள்ளிவிட வேண்டும், அப்புறம் நார் பாய்ந்துவிடும். பச்சை நிறம் நிற்க வேண்டும் என்றால் மூடி போடாமல் வேக வையுங்கள்.

கம்புக்கு வருவோம். மேற்குமலை மழையை மறைத்துக்கொள்ள, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிய மானாவாரிக் காடு இது. கம்பும் சோளமும் ராகியும்தான் அன்றாடம், நெல்லஞ்சோறு நோம்பி நொடிக்கு. காலிங்கராயன் வாய்க்கால் ஓரம், ஆற்றோரம் இருந்தவர்களுக்கு மட்டும் நெல் பழக்கம். 1955இல் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடிய பிறகு மேட்டுக்காடுகளிலும் நெல் வந்தது. ஆக, கம்மஞ்சோற்றை ஏக்கத்தோடு பேசுகிற நாம், நெல்லஞ்சோற்றுக்காக ஏங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கம்பு மாவு பாக்கெட் வாங்கிச் செய்து, "கசக்குதுங்க" என்று கைவிட்டவர்கள் நிறையப் பேர். அது சமைத்தவர் தப்பில்லை. கம்பில் கொழுப்பு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் இருக்கிறது. தானியமாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. மாவானதும் அதிலுள்ள நொதி அந்தக் கொழுப்பை உடைக்கத் தொடங்கி, சில நாளில் சிக்கு வாடையும் கசப்பும் வந்துவிடும். அன்றன்றைக்கு உரலில் குத்தியது பழமைப் பெருமைக்காக இல்லை, மாவு தாங்காது என்பதால்தான். தானியமாக வாங்கி வைத்து, வேண்டும்போது உடைத்துக்கொள்ளுங்கள். ராகியில் கொழுப்பு இரண்டு பங்குக்குள் என்பதால் அந்த மாவு மாதக் கணக்கில் இருக்கும்.

இரண்டு டம்ளர் கம்புக்கு ஒரு கை தண்ணீர் தெளித்துப் பிசிறிக் கால் மணி நேரம் வைத்தால் மேல்தோல் இளகும். உரல் இருந்தால் குத்தலாம், இல்லாவிட்டால் மிக்ஸியில் இரண்டு மூன்று தட்டுத் தட்டி நிறுத்தி, நிழலில் உலர்த்திப் புடைத்தால் உமி பறக்கும். தண்ணீர் அதிகமாகிவிட்டால் தோல் கழலாமல் கம்பே நசுங்கிச் சப்பையாகிவிடும், இரண்டாம் முறை செய்யும்போது கைக்குப் பிடிபடும். அப்புறம் உடைத்துச் சலித்துக் குருணை தனி, மாவு தனி. ஒரு டம்ளர் உடைத்த கம்புக்கு நாலு டம்ளர் தண்ணீர். உப்புப் போட்டுக் கொதித்ததும் குருணையை மட்டும் தூவிக் கிளறி, அது முக்கால் வெந்த பிறகு மாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் மாவு அடிப்பிடிக்கும், குருணை வேகாமல் நிற்கும். சிறுதீயில் இருபது நிமிசம். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது.

விறகடுப்பு செய்த உதவி இதற்குப் பின்னால்தான் இருக்கிறது. இறக்கிய பிறகு தணலில் கால் மணி நேரம் புழுங்க விடுவார்கள். கேஸ் அடுப்பில் ஒரு தோசைக்கல்லைச் சூடாக்கி, தீயைக் கடைசிக்குக் குறைத்து, அதன் மேல் சட்டியை மூடி வைத்தால் அதே வேலை நடக்கும். சூடாக இருக்கும்போது கடைந்த பாசிப்பயறோடு தின்னலாம். மிச்சத்தை உருண்டை பிடித்துத் தண்ணீருக்குள் முங்கப் போட்டுவைத்தால் காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளலாம். வெயில் காலத்தில் அந்தத் தண்ணீர் புளித்துப் பொங்கும் அளவுக்கு விட்டுவிடக் கூடாது. விடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

ராகிக்களியில் கெட்டுப்போவது ஒரே இடம்தான், அவசரம். கால் டம்ளர் அரிசி நொய்யை மூன்று டம்ளர் தண்ணீரில் குழைய விட்டு, ஒரு டம்ளர் மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, களிக்குச்சியால் ஒரு குழி குத்தி, கை வைக்காமல் எட்டுப் பத்து நிமிசம் விட வேண்டும். ஆவி அந்தக் குழி வழியாக மேலே வந்து மாவை வேக வைக்கும். அதற்குள் கிண்டினால் வெளியே வெந்து உள்ளே பச்சை மாவாகக் கட்டி தட்டும், அந்தக் கட்டியை எந்தக் குச்சியும் உடைக்காது. பிறகு இறக்கி வைத்து, பலம் கொண்ட மட்டும் கிண்டி, நனைத்த வட்டலில் போட்டு உருட்டுவது. மெல்லாமல் விழுங்குவது பழக்கம் இல்லாதவர்களுக்கு முதலில் சிரமம்தான்.

அரிசியும் பருப்புஞ்சோறு பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, தெரியாத வீடு இல்லை. இரண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு, அரைமணி ஊறியது. இருபது சின்ன வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், நாலு வரமிளகாய், ஒரு சின்னத் தக்காளி, மஞ்சள்தூள், ஒரு பிடி தேங்காய்த் துருவல். மிளகு, சீரகம், பூண்டை நுணுக்கிப் போட வேண்டும், நைசாக அரைத்தால் சோறு கறுத்துப் போகும். கடலெண்ணெயில் தாளித்து ஆறரை டம்ளர் தண்ணீர், மூன்று விசில். ஆறினால் இறுகும் என்பதால் இறக்கும்போது கொஞ்சம் இளகலாகவே இருக்க வேண்டும். தக்காளியை மூன்று நாலு என்று கூட்டினால் அரிசி குழைந்து பருப்பு மட்டும் முழித்துக்கொண்டு நிற்கும். பட்டை கிராம்பு போட்டால் ஏழை வீட்டுப் பிரியாணி, புளியும் காயும் போட்டால் சாம்பார் சோறு. இரண்டுமே தனியாக நல்ல பண்டம்தான், இந்தப் பேர் மட்டும் வைக்காதீர்கள்.

கொள்ளுப்பருப்புச் சோற்றுக்குத் துணையாகப் பச்சைப்புளி ரசம். மிளகாய் சுடுவதைத் தவிர அடுப்பு வேண்டாம். எலுமிச்சை அளவு புளியை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து, நாலு வரமிளகாயை இரும்புச்சட்டியில் சுட்டு, ஆறு சின்ன வெங்காயம், அரை ஸ்பூன் சீரகம், கறிவேப்பிலை, கொத்தமல்லியோடு உப்புச் சேர்த்துக் கையாலேயே நசுக்கிப் பிசைந்து கரைசலில் விட வேண்டும். நெல்லிக்காய் அளவு வெல்லம். கேஸ் தீயில் நேராக மிளகாயைக் காட்டினால் கருகிக் கரிவாடை ரசம் முழுக்க ஏறும். மிளகாய் பிசைந்த கையோடு கண்ணைத் தொட வேண்டாம்!

சந்தகைக்கு, அதாவது எங்கள் பக்கத்து இடியாப்பத்துக்கு, உளுந்து இல்லை. இட்லி அரிசியை நாலு மணி நேரம் ஊறவைத்து மையாக ஆட்டி, இட்லியாக வேக வைத்து, சூடு ஆறுவதற்குள் பிழிய வேண்டும். ஆறினால் ஆள் தொங்கினாலும் இறங்காது. ஆகையால் ஒரு ஈடு வெந்து பிழிந்த பிறகுதான் அடுத்த ஈடு இறக்குவது. அதற்குத் தேங்காய்ப்பாலும் கவுந்தப்பாடிப் பக்கத்து நாட்டுச்சர்க்கரையும். பாலைக் கொதிக்க விட்டால் திரிந்துவிடும், சர்க்கரை கரைகிற சூடு போதும்.

இதையெல்லாம் செய்து பார்க்க நினைக்கிறவர்கள் முதலில் மண்சட்டிக்கு அலைய வேண்டாம், ஒரு பருப்பு மத்து வாங்குங்கள். வார்னிஷ் பூசிப் பளபளவென்று இருப்பதைத் தொடாதீர்கள், சூட்டில் அது பருப்பில் இறங்கும். வெறும் மரமாக, தலை அகலமாக, கைப்பிடி கட்டைவிரல் தடிமனுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். புதுசை ராத்திரி முழுக்க அரிசி கழுவிய தண்ணியில் போட்டு, காலையில் கழுவி நிழலில் காய வைத்து, கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள். கடைந்து முடித்ததும் உடனே கழுவித் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடினால் ஒரே வாரத்தில் பூசணம் பிடித்துவிடும்.