ஒன்ராறியோ ஆரம்பப் பள்ளியில் ‘உணவு சேகரிப்பு’ கடிதம் வந்தால்

செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே பிள்ளையின் பாக்கில் கடிதங்கள் வரத் தொடங்கும். முதலில் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்கும் ரெரி ஃபொக்ஸ் ஓட்டத்துக்கு 2 டொலர் குத்தி ஒன்று. ஒக்ரோபர் இரண்டாவது திங்கள் தாங்ஸ்கிவிங் என்ற நன்றி கூறும் நாள். அதையொட்டி, கஷ்டப்படும் வீடுகளுக்கு இலவசமாகச் சாமான் கொடுக்கும் உணவு வங்கிக்கு ரின் சாமான். குளிர் பிடித்தால் கையுறை, தொப்பி. புதிதாக வந்த வீடுகளில் ‘பள்ளிக்கூடமே கை நீட்டுதே’ என்று யோசிப்பார்கள். எதுவும் கட்டாயமில்லை. கொடுக்காவிட்டால் யாரும் கேட்கப் போவதுமில்லை.

ஆனால் பிள்ளை இதில் என்ன செய்கிறது என்பது கவனிக்கப்படும். ஒன்ராறியோ ரிப்போர்ட் கார்டில் பாடப் புள்ளிகளுக்குப் புறம்பாகப் பொறுப்பு, கூடி வேலை செய்தல், தானாக முன்வருதல் என ஆறு பழக்கங்கள் தனியே மதிப்பிடப்படும். உயர்பள்ளி முடிக்கத் தேவையான 40 மணி நேரச் சமூகசேவையோடு இதைக் குழப்ப வேண்டாம். அந்தக் கணக்கு எட்டாம் வகுப்பு முடிந்து வரும் கோடை விடுமுறையில்தான் தொடங்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்கி ஃபைலில் போட்டு ஒரு பயனுமில்லை.

அம்மா கடைக்குப் போய் வாங்கி, அப்பா காரில் கொண்டுபோய் இறக்கினால் சாமான் சேரும். பிள்ளை ஒன்றும் படிக்காது. அனுபவமுள்ள ரீச்சர்மார் வேலையைத் தலைகீழாகத் தொடங்குவார்கள். முதலில் பிள்ளைகளைக் கொண்டே உணவு வங்கிக்குக் கடிதம் எழுதி, எது குறைவாக இருக்கிறது என்று கேட்பார்கள். பெரும்பாலும் ரின் மீன், அவரை வகைகள், குழந்தைகளுக்கான பால்மா, டயபர் என்றுதான் பதில் வரும். பிறகுதான் வீட்டுக்குக் கடிதம்.

நம் வீடுகளில் வழக்கமாகத் தவறுவது அரிசியும் பருப்பும். இருபது இறாத்தல் மூட்டையிலிருந்து அளந்து ஸிப் வைத்த பொலித்தீன் பையில் போட்டு அனுப்பினால் உணவு வங்கி எடுக்காது. கடையில் ஒட்டிய பொதியோடு, லேபிளோடு இருக்க வேண்டும். வீட்டில் இடித்த மிளகாய்த்தூளும் அப்படித்தான். கண்ணாடிப் போத்தல் வழியில் உடைந்தால் பெட்டி முழுவதும் வீண்.

அடுத்தது திகதி. இந்த வேலையை முழுவதுமாகப் பிள்ளையிடமே விடலாம். கனடாவில் ரின்னில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும். மாதம் இரண்டு எழுத்தில். ‘எம்ஏ’ என்றால் மே, மார்ச்சுக்கு ‘எம்ஆர்’. ஜூன் ‘ஜேஎன்’, ஜூலை ‘ஜேஎல்’. போதாக்குறைக்கு, ‘இதற்கு முன் பாவித்தால் நல்லது’ என்பதன் பிரெஞ்சுச் சுருக்கமும் அதே ‘எம்ஏ’தான், திகதிக்கு முன்னால் ‘பிபி’யோடு சேர்ந்து நிற்கும். அந்தத் திகதி தாண்டினால் சுவை குறையலாம், உணவு கெட்டுவிட்டது என்றில்லை. குழந்தைப் பால்மாவில் இருப்பதோ காலாவதித் திகதி, தாண்டினால் குப்பைக்குத்தான். எதுவானாலும் திகதி போன சாமானைப் பள்ளிக்கு அனுப்பாமல் விடுவதே மரியாதை. நாம் சாப்பிட யோசிப்பதை இன்னொரு வீட்டு மேசைக்கு ஏன் அனுப்ப வேண்டும்?

பெட்டி நிரப்புவதிலும் கவனம் வேண்டும். இங்கே சாதாரண ரின்கள் 398, 540, 796 மில்லிலீற்றர் அளவுகளில் வரும். 540இல் இருபது போட்டாலே 11 கிலோவைத் தாண்டும். ஏழு வயதுப் பிள்ளை தூக்காது, பெட்டியின் அடியும் பிய்ந்துவிடும். ஐந்தாறு ரின் கொள்ளும் சின்னப் பெட்டி போதும்.

எல்லாவற்றையும் கெடுப்பது வகுப்புகளுக்கிடையே வைக்கும் போட்டி. ‘அதிகம் கொண்டுவந்த வகுப்புக்கு பீட்சா’ என்றதும் பிள்ளைகள் மலிவான நூடுல்ஸ் பொதிகளை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அதைவிட, உணவு வங்கியிலிருந்தே சாமான் எடுக்கும் வீட்டுப் பிள்ளையும் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும். பெயருக்கு நேரே நட்சத்திரம் ஒட்டினால் அது எங்கே முகத்தை வைத்துக்கொள்ளும்? பெட்டியைப் பள்ளிக்கூடத்துக்குள் இருக்கும் நடைபாதையில், யார் போட்டது என்று தெரியாதபடி வைக்க வேண்டும். பொருள் தராத பிள்ளைக்கும் தரம் பிரிக்க, எண்ண, லேபிள் எழுத வேலை இருக்க வேண்டும்.

நன்றி அட்டைகளும் இப்படித்தான். பலகையில் எழுதியதைப் பார்த்து இருபத்தைந்து பிள்ளைகளும் ஒரே வரியைப் பிரதி பண்ணினால், பள்ளிக்கூடத்தைத் துப்புரவாக வைத்திருக்கும் கஸ்ரோடியனுக்கு இருபத்தைந்து கடதாசி கிடைக்கும், அவ்வளவுதான். முதலில் அவரிடம் கேட்கவிட வேண்டும்: பனி கொட்டிய நாளில் எத்தனை மணிக்கு வருவீர்கள், எந்தக் கதவடியில் முதலில் உப்புப் போடுவீர்கள்? பதில் கிடைத்த பிறகு பிள்ளை எழுதும் வரி வேறாக இருக்கும்.

தமிழ்ப் பெற்றோர் ஏதாவது செய்ய விரும்பினால் ஜனவரி நல்ல மாதம். நத்தாருக்கு வந்து குவிந்த கொடைகள் அப்போது ஓய்ந்துவிடும். பொங்கலும் தமிழ் மரபுத் திங்களும் அதே மாதத்தில். பொங்கிக் கொண்டுபோய்ப் பரிமாறுவதைவிட, பொதி பிரிக்காத அரிசியும் பருப்பும் சேர்ப்பது சிக்கலில்லாதது. முந்திரிப்பருப்பு வேண்டாம், ஒவ்வாமை காரணமாகப் பல பள்ளிகள் உள்ளே விடாது. நவம்பரிலேயே ரீச்சரிடம் கேளுங்கள். வகுப்பில் நின்று உதவப் போகிறவர்களிடம் பெரும்பாலும் பொலிஸ் சான்றிதழ் கேட்பார்கள். அது கைக்கு வரச் சில வாரங்கள்கூட ஆகலாம்.