நம்பர் துண்டு தொங்கும் நோட்டீஸ்: வேர்டில் போடுவது எப்படி

அறுவடை மெஷின் வாடகை, டியூஷன், வாடகைக்கு வீடு என்று எதற்கு நோட்டீஸ் போட்டாலும், படிக்கிறவர் கையோடு கொண்டுபோவது கீழே தொங்கும் துண்டை மட்டும்தான். மேலே இருக்கும் படமும் பெரிய எழுத்தும் சுவரோடு நின்றுவிடும். அதனால் வேலையைத் துண்டிலிருந்து தொடங்க வேண்டும். பலர் மேல்பாதியை அழகாகப் போட்டுவிட்டு, மிஞ்சிய இடத்தில் வெறும் போன் நம்பரைப் பத்து தடவை அடித்துவிடுகிறார்கள். சட்டைப் பையிலோ போன் கவரிலோ மூன்று நாள் கிடந்த பிறகு, அது யார் நம்பர், எதற்குக் கிழித்தோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. வெறும் எண்ணாக இருந்தால் தலைகீழாகப் பிடித்து 6-ஐ 9 என்று படிக்கவும் வாய்ப்புண்டு.

துண்டில் மூன்று வரி வேண்டும்: என்ன, எங்கே, நம்பர். சம்பா அறுவடைக்கு ஒரு நோட்டீஸ் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி 'நெல் அறுவடை மெஷின்'. இரண்டாவது 'பெல்ட் வண்டி, திருவையாறு'. மூன்றாவது நம்பர், ஐந்து ஐந்தாகப் பிரித்து. ஈரம் காயாத வயலுக்கு, டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் இந்த வண்டிதான் இறங்கும். தேடுகிறவர் முதலில் கேட்பதும் அதையே. அதனால் அந்தச் சொல் துண்டிலேயே இருக்கட்டும்.

இனி அளவு. ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். வேர்டைத் திறந்ததும் தாள் அளவைப் பாருங்கள். சில கணினிகளில் அது லெட்டர் என்று இருக்கும், 279 மில்லிமீட்டர்தான் உயரம். அப்படியே விட்டால் ஏ4-இல் அச்சடிக்கும்போது துண்டுகள் தாளின் அடிவிளிம்புக்கு வராமல் மேலேயே நின்றுவிடும். ஏ4 ஆக்கி, இடவலம் 1 செ.மீ., மேலே 1.5, கீழே 0.7 என்று மார்ஜின் வையுங்கள். அச்சிட முடியாத பகுதி என்று வேர்டு எச்சரித்தால், அந்த விளிம்பில் எழுத்து எதுவும் இல்லாதவரை கவலையில்லை.

எட்டுத் துண்டு போதும். பத்து வைத்தால் ஒவ்வொன்றும் 19 மில்லிமீட்டர். எழுத்தைச் சிறிதாக்க வேண்டிவரும். வயதானவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டிய நோட்டீஸில் அந்த இரண்டு துண்டு லாபம் எனக்கு லாபமாகத் தெரியவில்லை. ஒரு வரிசை, எட்டு நிரல் கொண்ட டேபிள் போட்டு, நிரல் அகலம் 2.37 செ.மீ., வரிசை உயரம் 6.5 செ.மீ. என்று கொடுங்கள். உயரத்துக்குப் பக்கத்தில் 'எக்ஸாக்ட்லி' என்று இருக்க வேண்டும், 'அட் லீஸ்ட்' கூடாது. டேபிள் ப்ராப்பர்ட்டீஸ், ஆப்ஷன்ஸ் போய் உள்ளடக்கத்துக்கேற்ப அளவு மாறும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் எழுத்து ஏற ஏற நிரல்கள் தாறுமாறாகும்.

முதல் கட்டத்தில் கர்சரை வைத்து, டேபிள் லேஅவுட்டில் டெக்ஸ்ட் டைரக்‌ஷனை இரண்டு முறை அழுத்தினால் எழுத்து கீழிருந்து மேலாகப் படுக்கும். எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் வசதி வேறு சில மென்பொருளில் உண்டு. தமிழுக்கு அது வேண்டாம். 'மெஷின்' என்பதை யாரும் செங்குத்தாக எழுத்துக்கூட்டிப் படிக்கப்போவதில்லை.

இங்கேதான் தமிழுக்கென்று ஒரு சிக்கல். நம் எழுத்துருக்களுக்கு இயல்பான வரி உயரம் அதிகம், மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரக் காலும் இருப்பதால். கட்டத்தின் இருபுறமும் வேர்டு தானாக 1.9 மில்லிமீட்டர் இடம் விடுகிறது. மீதி ஏறக்குறைய 20 மில்லிமீட்டர், அதாவது 56 பாயிண்ட். மூன்று வரிக்கும் வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி 18 பாயிண்ட்' என்று கட்டினால் 54-இல் அடங்கிவிடும். பத்திக்கு முன்பின் இடைவெளி பூஜ்யம். தமிழ் வரிகள் 12 பாயிண்ட், நம்பர் 16 பாயிண்ட் தடிப்பு. இதைச் செய்யாமல் விட்டால் மூன்றாவது வரி, அதாவது நம்பரே, கட்டத்துக்கு வெளியே போய் மறைந்துவிடும். நம்பரின் நடு இடைவெளியைக் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ்பார் மூன்றையும் சேர்த்து அழுத்திப் போடுங்கள். பாதி நம்பர் அடுத்த வரிக்குப் போகாது.

ஒரு கட்டம் முடிந்ததும் அந்த நம்பருக்கு ஒரு முறை போன் அடித்துப் பாருங்கள், திரையைப் பார்த்து, மனப்பாடத்திலிருந்து அல்ல. அதன்பிறகு மற்ற ஏழு கட்டங்களுக்கும் நகல் எடுங்கள். கோடுகளில் உள்ளே வரும் செங்குத்துக் கோடுகளை மட்டும் புள்ளிக்கோடாக வைத்து மற்றதை நீக்குங்கள். வெளிர்சாம்பல் நிறம் ஜெராக்ஸில் காணாமல் போகும், கறுப்பே இருக்கட்டும்.

அச்சடித்தால் பின்னாலேயே ஒரு வெற்றுத்தாள் வருகிறதே என்பார்கள். டேபிளுக்குப் பிறகு வேர்டு கட்டாயம் ஒரு வெற்றுப் பத்தி வைக்கும்; அதை அழிக்க முடியாது. டேபிள் பக்கத்தின் அடியைத் தொட்டால் அந்தப் பத்தி அடுத்த பக்கத்துக்குத் தாவும். அதன் எழுத்தளவையும் வரி இடைவெளியையும் 1 பாயிண்ட் ஆக்கிவிட்டால் தீர்ந்தது.

வேர்டு இல்லாதவர்கள் லிப்ரே ஆஃபீஸ் டிராவில் ஒரே ஒரு எழுத்துப் பெட்டியை 90 டிகிரி திருப்பி, டூப்ளிகேட்டில் 7 நகல், எக்ஸ் அச்சில் 23.75 மில்லிமீட்டர் என்று கொடுத்தால் எட்டும் வரிசையாக வந்து நிற்கும். உண்மையில் இது வேர்டை விடச் சுலபம்.

மேல்பாதிக்கு 21 செ.மீ. மிஞ்சும். தலைப்பு நான்கு சொல்லுக்குள், 48 பாயிண்டுக்குக் குறையாமல். மணி வாடகையை அச்சடிக்காமல் கோடு விட்டு மார்க்கரில் எழுதுங்கள், அது சீசனுக்குள்ளேயே மாறும். துண்டெல்லாம் தீர்ந்த பிறகு வருகிறவருக்காக மேலேயும் நம்பர் பெரிதாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப் கியூஆர் வைப்பதானால் மேலே 3 செ.மீ. சதுரத்துக்குக் குறையாமல் வையுங்கள்.

டிடிபி கடைக்குக் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கித்தான் கொண்டுபோக வேண்டும். வேர்டு கோப்பாகக் கொடுத்தால், அங்கே உங்கள் எழுத்துரு இல்லாமல் வேறொன்று வந்து உட்காரும். வரி நீளம் மாறி டேபிள் இரண்டாம் பக்கத்துக்கு ஓடும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததானால் இன்னும் மோசம், எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அச்சிடும்போது 100 சதவீத அளவு என்று சொல்லுங்கள். வெளியே ஒட்டுவதற்கு லேசர் அச்சோ ஜெராக்ஸோதான் சரி. சாதாரண இங்க்ஜெட் மை தண்ணீர் பட்டால் கரையும். மழை வேண்டாம், மார்கழி, தைப் பனியே போதும்.

வெட்டுவதைக் கடைக் கட்டிங் மெஷினில் கொடுக்க முடியாது, அது தாளை விளிம்புக்கு விளிம்பு வெட்டிவிடும். ஐந்து தாளை அடுக்கி மேலே கிளிப் போட்டு, இரும்பு ஸ்கேல் வைத்துக் கட்டர் பிளேடால் கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். கத்தரிக்கோலில் அடித்தாள் நகர்ந்து நம்பர் வெட்டுப்படும். புள்ளிக்கோடு மேலே முடியும் இடத்துக்கு 5 மில்லிமீட்டர் முன்பே நிறுத்துங்கள். முழுதும் வெட்டினால் பேருந்து நிலையக் காற்றில் துண்டுகள் தானாகவே பிய்ந்துபோகும். பிறகு புள்ளிக்கோடுகள் முடியும் அந்த இடத்தில் முன்னும் பின்னுமாக ஒருமுறை மடித்து நகத்தால் அழுத்தினால் கிழிக்கும்போது நேராக வரும்.

ஒட்டும்போது பசை மேல்பாதியில் மட்டும். துண்டுக்கு இரண்டு விரற்கடை மேலேயே பசை நின்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் வழிந்து துண்டுகளைச் சுவரோடு பிடித்துக்கொள்ளும். துண்டு நெஞ்சு உயரத்தில் தொங்கட்டும். தாழ ஒட்டினால் மைதா பசைக்காகவே மாடு இழுத்துத் தின்றுவிடும். உரக்கடை, டீக்கடை, டிராக்டர் பட்டறை என்று கூரை உள்ள இடமாகப் பார்த்து, கடைக்காரரைக் கேட்டு ஒட்டுங்கள்; பொதுச் சுவர்களை விளம்பரம் ஒட்டி அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959லேயே சட்டம் வந்துவிட்டது. மரத்தில் ஆணி அடிக்கவே வேண்டாம்.

ஒட்டி முடித்ததும் ஒரு துண்டை நீங்களே கிழித்து எடுத்துவிடுங்கள். எட்டும் முழுசாக இருந்தால் முதல் ஆளாகக் கிழிக்கப் பலருக்குத் தயக்கம். இடத்துக்கு ஓர் எழுத்தாக, திருவையாற்றுக் கடைக்கு 'தி', கண்டியூருக்கு 'க' என்று துண்டின் மூலையில் பேனாவால் குறித்துவைத்து, போன் செய்கிறவரிடம் அது என்ன எழுத்து என்று கேட்டால், அடுத்த குறுவைக்கு எந்தக் கடையில் ஒட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.