மடியில் விழாதவை

விஞ்ச் சத்தம் கேட்டால் எங்கள் கடலாய்வுக் கப்பலில் சமையல்காரர்கூடக் கரண்டியோடு டெக்கிற்கு வந்துவிடுவார். வலை மேலே வருகிறது என்றால் அப்படி ஒரு கூட்டம். வலையின் கடைசிப் பையான மடியில் மாட்டிய குப்பியைக் கழற்றி வெள்ளை வாளியில் கொட்டும்போது, அதுவும் ராத்திரி இழுப்பு என்றால், இளஞ்சிவப்பில் ரவைக் கஞ்சி மாதிரி ஒன்று துள்ளிக்கொண்டிருக்கும். நொய்யரிசி அளவுக்குக் கோப்பிபாடுகள் என்னும் இறால் இனப் பொடிப்பிராணிகள், ஊசி போன்ற அம்புப்புழுக்கள், கண் மட்டும் தெரியும் இறால் குஞ்சுகள். பகலில் அதே இடத்தில் இழுத்தால் இவ்வளவு கிடைக்காது. வெளிச்சத்தில் மீன் கண்ணில் படாமல் ஆழத்துக்குப் போய்விட்டு, இருட்டியதும் மேயத் திரும்புகிற கூட்டம் இது. டெக் ஆட்களுக்குத் தலைவரான போசன், கொச்சிக்காரச் சேட்டன், வாளிக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, "சாளைக்கு நல்ல ஊணு" என்று சான்றிதழ் கொடுப்பார்.

எனக்கு அந்த வலையில் வேலை இல்லை. 2009 மார்ச் கடைசியில், கோவாவிலிருந்து மூன்று நாள் மேற்கே போன பிறகு, 24 வயதுத் திண்டுக்கல்காரியான என் பொறுப்பில் இருந்தவை 20 பாலிகார்பனேட் பாட்டில்கள். வலைக்கண் வழியே நழுவிவிடுகிற மிதவை உயிரிகள் எவ்வளவு தின்கின்றன என்று கணக்கெடுக்க வேண்டும். துறைமுகத்திலிருந்து போனில் சொன்னபோது அம்மா கேட்டாள்: "கண்ணுக்கே தெரியாதது என்னத்தடி திங்கப்போகுது?"

நியாயமான கேள்வி. தின்பதும் தெரியாது, தின்னப்படுவதும் தெரியாது என்றால் எதை அளப்பது? 1982-இல் லாண்ட்ரி, ஹாசெட் என்ற இரண்டு கடலாய்வாளர்கள் சொன்ன வழி எனக்கு இன்னும் அழகாகத்தான் படுகிறது. கொஞ்சம் கடல்நீரை 0.2 மைக்ரான் வடிகட்டியில் விட்டு வெறும் நீராக்கிக்கொள்வோம். அதை வடிகட்டாத கடல்நீரோடு பல விகிதத்தில் கலப்போம். ஒரு பாட்டிலில் கால் பங்குதான் உயிருள்ள நீர், இன்னொன்றில் பாதி, அடுத்ததில் முக்கால், கடைசியில் முழுசும். எல்லாவற்றுக்கும் போதுமான நைட்ரேட் கொடுத்துவிட்டால், தாவர மிதவைச் செல்கள் பக்கத்தில் கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தம் வேகத்தில் பிரிந்து பெருகும். தின்பவை அப்படியில்லை. ஆள் குறைந்த சந்தையில் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொள்வது குறைவது போல, நீர்த்த பாட்டிலில் இரையும் இரைதேடியும் சந்திப்பது குறையும். ஆகவே அதிகம் நீர்த்த பாட்டிலில்தான் பச்சையம் வேகமாக ஏறும். டெக்கில் கடல்நீர் ஓடும் தொட்டியில் 24 மணி நேரம் போட்டுவைத்து, பிறகு வடித்து, அசிட்டோனில் இருட்டில் ஊறவைத்து, பச்சையத்தை அளந்து, அது ஏறிய வேகத்தை ஒவ்வொரு பாட்டிலின் கலப்பு விகிதத்துக்கும் நேரே புள்ளி வைத்துக் கோடு இழுக்க வேண்டும். கோடு எவ்வளவு செங்குத்தாகச் சரிகிறதோ அவ்வளவு மேய்ச்சல்.

என் முதல் கோடு சரியவே இல்லை. பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது. அதை நம்பினால், அரபிக்கடலில் அன்று எல்லோரும் விரதம். மூன்று மணி நேரம் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். தப்பு கணக்கில் இல்லை, கையில். வாளியிலிருந்து மக்கில் மொண்டு, புனல் வைத்து, குழாயடியில் குடிதண்ணீர் பிடிப்பது போலப் பாட்டில்களை நிரப்பியிருந்தேன். அங்கே மேய்கிறவர்களில் முக்கியமானவை சீலியேட்டுகள். மயிரிழை அடித்து நீந்தும் ஒற்றைச்செல் பிராணிகள். அவற்றில் பலவற்றுக்கு ஓடு கிடையாது, வெறும் சவ்வுதான். குமிழி பட்டால் வெடித்துப்போகும். பந்திக்கு உட்கார வேண்டியவர்களை வாசலிலேயே கொன்றுவிட்டு, இலை ஏன் காலியாகவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அடுத்த முறை விடிகாலை நாலு மணிக்கு, சிலிகான் குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு, டிரிப் ஏற்றுவது போல மெதுவாக நிரப்பினேன். கோடு சரிந்தது. அன்று காலை உப்புமா இரண்டு தட்டு.

வலைக்காரர்கள் மேல் எனக்கு இருந்த பொறாமையையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குப் பரம்பரைப் பெருமை உண்டு. 1960-களின் முதல் பாதியில் நடந்த சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வில், வெவ்வேறு நாட்டுக் கப்பல்கள் ஒரே அளவு வலையை இழுத்தன: வாய் 1 சதுர மீட்டர், கண்ணி 330 மைக்ரான், 200 மீட்டர் ஆழத்திலிருந்து மேல்மட்டம் வரை. மாதிரிகளெல்லாம் கொச்சிக்கு வந்தன. அங்கே உட்கார்ந்து பிரித்துப் பிரித்து எண்ணி, இந்தியப் பெருங்கடலில் விலங்கு மிதவைகள் எங்கே அதிகம், எங்கே குறைவு என்று வரைபடம் போட்டார்கள். பிரமாதமான வேலை. ஆனால் 330 மைக்ரான் கண்ணிக்குள் 30 மைக்ரான் சீலியேட்டு நுழைவது, ஓலைத் தட்டிக்குள் எறும்பு நுழைவது மாதிரி. நீரை அப்படியே பிடித்தாலும், கெடாமலிருக்க ஃபார்மலின் ஊற்றியதும் ஓடில்லாதவை கரைந்துபோகும். மணி வடிவ ஓடு போட்டுக்கொண்ட டின்டினிட்டுகள் மட்டும் மிஞ்சும். அதனால்தான் பழைய புத்தகங்களில் டின்டினிட்டு படம் பக்கம் பக்கமாக இருக்கும். அம்மண ஜாதிக்கு அயோடின் கலந்த லுகால் கரைசல் வேண்டும்.

கால்பெட் என்ற ஆய்வாளரும் அதே லாண்ட்ரியும் 2004-இல் உலகம் முழுதும் நடந்த இத்தகைய பாட்டில் சோதனைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். தாவர மிதவைகள் ஒரு நாளில் விளைவிப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இந்த நுண்விலங்குகளே தின்றுவிடுகின்றன. நடுக்கடலில் 70 சதவீதம். வாளியில் துள்ளிய ரவைக் கஞ்சியின் பங்கு, மற்றொரு கணக்குப்படி, சராசரியாகப் பத்தில் ஒன்றைச் சற்றே தாண்டுகிறது.

நாங்கள் கடலில் இருந்த பருவத்துக்கு இது இன்னும் பொருந்தும். தென்மேற்குப் பருவக்காற்றில் ஓமன், சோமாலியா கரையோரம் அடிநீர் மேலே வந்து கடல் பச்சையாகிறது. குளிர்காலத்தில் வடக்கே மேல்நீர் குளிர்ந்து கனத்து அமிழ, கீழேயிருக்கும் உரம் ஏறிவருகிறது. மார்ச், ஏப்ரலில் இரண்டும் இல்லை. மேலே வெந்நீர் மூடி போட்டது போல நிற்கும். நைட்ரேட்டு கருவியில் பதிவாகாத அளவுக்குக் குறைந்துபோகும். கடல் அப்பட்டமான நீலம். வலை காலியாகத்தானே வர வேண்டும்? வருவதில்லை. மேல்நீரில் விலங்கு மிதவைகளின் எடை வருஷம் பூராவும் பெரிதாக மாறுவதில்லை என்று கோவா தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் மதுபிரதாப்பும் கூட்டாளிகளும் 1996-இல் எழுதினார்கள். அரபிக்கடல் புதிர் என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது.

அவர்கள் காட்டிய விடை என் பாட்டில் பக்கம்தான். வெறும் நீலத்தில் பாக்டீரியாக்களும், அரை மைக்ரானைக் கொஞ்சம் தாண்டும் புரோக்ளோரோகாக்கஸ் போன்ற பொடிப்பொடியான பச்சைச் செல்களும் உண்டு. கோப்பிபாடுக்கு அவை கைக்கு அகப்படாத தூசி. சாட்டை போன்ற இழையால் நீந்தும் ஒற்றைச்செல் உயிரிகளும் சீலியேட்டுகளும் அவற்றைத் தின்கின்றன; கோப்பிபாடு சீலியேட்டைத் தின்கிறது. சிதறிக் கிடக்கும் பருக்கையைக் கூட்டி யாரோ உருட்டிக் கையில் தரும் கவளம் மாதிரி.

திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னால், கப்பலின் பின்னால் நீலமாகத் தீப்பொறி பறந்த ஒரு ராத்திரியில் ("கவரு" என்றார் போசன் சேட்டன், அவர் ஊரில் காயலில் பூப்பது) நான் தொட்டியடியில் உட்கார்ந்திருந்தேன். வலை இல்லாத ராத்திரி, அவருக்கும் பொழுது போகவில்லை.

"மோளே, உன் வலையில என்ன கிட்டி?"

பெருமையோடு ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். டார்ச் அடித்தார். தெள்ளத் தெளிந்த தண்ணீர்.

"வெறும் வெள்ளமல்லே!"

"இல்ல சேட்டா, நூத்துக்கணக்குல இருக்கு உள்ளே."

அவர் நம்பவில்லை. காதோரம் வைத்து, தேங்காயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது போல நாலு முறை பலமாகக் குலுக்கினார். மூடிக்குக் கீழே ஒரு பெரிய குமிழி மேலும் கீழும் ஓடியது.

எட்டாம் நம்பர் பாட்டில். அன்றைய வரைபடத்தில் ஒரு புள்ளி குறைவு.